மண்பானைத் தண்ணீர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாசி கடைசி வந்தால் போதும், என் போனில் பானை விசாரிப்பு தொடங்கிவிடும். எந்தப் பானை வாங்குவது, கசிகிறதே மாற்றிவிடவா, வெள்ளையாகப் பூத்திருக்கிறதே குடிக்கலாமா என்று ஒரே கேள்விகள் வருடா வருடம் வேறு வேறு குரல்களில் வரும். மதுரையில் இரண்டாம் மாடி வீட்டில் 2009 முதல் பானை வைத்துக் குடிக்கிறோம். அடுத்த வீட்டு மதினி, அலுவலகத்தில் கூட வேலை பார்ப்பவர்கள், சென்னையில் இருக்கும் தங்கை என்று கேட்டவர்கள் பலர். அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை எழுதி, கீழே பதிலைச் சொல்லியிருக்கிறேன். எண் போட்டிருப்பது, பின்னால் வரும் பதில்களில் முன்னால் சொன்னதைக் காட்ட வசதியாக.

1. ஐஸ் போடல, கரண்ட் இல்ல. பானையில ஊத்தி வெச்சா தண்ணி எப்படித் தானா குளிருது?

சுட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைய உண்டு. உள்ளே இருக்கும் தண்ணீர் அந்தத் துளைகள் வழியாக மெல்ல ஊறி வெளிப்பக்கம் வருகிறது. அங்கே காற்று பட்டு ஆவியாகிறது. ஆவியாவதற்கு வேண்டிய சூட்டைப் பானையிடமிருந்தும் உள்ளே இருக்கும் தண்ணீரிடமிருந்தும் எடுத்துக்கொள்கிறது. நமக்கு வேர்த்து, அதன்மேல் காற்று அடித்தால் உடம்பு குளிர்கிறதே, அதே வேலைதான். பித்தளைக் குடத்துக்கும் எவர்சில்வர் பானைக்கும் துளை கிடையாது. வேர்க்காத பாத்திரம் குளிராது.

ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 580 கலோரி வெப்பம் வேண்டும். ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி ஆவியானால், 11 லிட்டர் தண்ணீரை 10 டிகிரி இறக்கிவிடும் அளவு அது. வெளியிலிருந்து சூடு விடாமல் உள்ளே வந்துகொண்டே இருப்பதால் நிஜத்தில் இதைவிட அதிகம் ஆவியாக வேண்டியிருக்கும். எங்கள் பானையில் சித்திரை மாதத்தில் நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் குறைகிறது.

2. ஃப்ரிட்ஜ் தண்ணி மாதிரி ஜில்லுனு இருக்குமா?

இருக்காது. ஃப்ரிட்ஜுக்குள் தண்ணீர் 4 முதல் 8 டிகிரியில் இருக்கும். பானைக்கு ஓர் எல்லை உண்டு, அதைக் காற்றின் ஈரப்பதம்தான் தீர்மானிக்கிறது. மதுரையில் மத்தியானம் 38 டிகிரி வெயில், காற்றில் ஈரப்பதம் 30 சதவீதம் என்றால், எவ்வளவு நல்ல பானையாக இருந்தாலும் 24, 25 டிகிரிக்குக் கீழே இறங்காது. பெரும்பாலும் அதற்கு ஒன்றிரண்டு டிகிரி மேலேயே நிற்கும்.

ஆனால் 38 டிகிரி வெயிலில் நடந்து வந்தவருக்கு 26 டிகிரித் தண்ணீர் எப்படி இருக்கும் என்று குடித்துப் பார்த்தால்தான் தெரியும். பல் கூசாது, தொண்டை மரத்துப்போகாது. ஒரு சொம்பையும் நிறுத்தாமல் அண்ணாந்து குடித்துவிடலாம்.

ஊற்றிய உடனே எதிர்பார்க்காதீர்கள், 6 முதல் 8 மணி நேரம் விட வேண்டும். அதனால் ராத்திரி நிரப்புவதுதான் நல்லது.

3. கடையில வரிசையா அடுக்கி வெச்சிருக்காங்க. எதை எடுக்குறதுன்னே தெரியலக்கா.

முதலில் தட்டிப் பாருங்கள். ஒரு கையால் வாய்ப்பக்கம் லேசாகப் பிடித்து, விரல் கணுவால் வயிற்றில் தட்டினால் 'டங்' என்று மணி மாதிரி கேட்க வேண்டும். 'டப்' என்று அமுங்கிய சத்தம் வந்தால் எங்கோ கீறல் இருக்கிறது, அல்லது சரியாக வேகவில்லை. அப்புறம் உள்ளே கை விட்டுத் தடவிப் பாருங்கள். மாவு மாதிரி மண் கையில் ஒட்டி வந்தால் வேண்டாம். வெளியே பளபளவென்று வார்னிஷ், பெயின்ட், பூ வேலை எதுவும் இருக்கக் கூடாது. பூச்சு துளைகளை அடைத்துவிடும், பானை வேர்க்காது. சில மலிவான பூச்சுகளில் காரீயம் கலந்திருக்கும் என்பது இன்னும் பெரிய காரணம்.

கையில் எடுத்தால் அளவுக்கு ஏற்றபடி லேசாக இருப்பது நல்ல அடையாளம். குயவர் சக்கரத்தில் வனைந்து இறக்கியதோடு பானை முடிவதில்லை. கொஞ்சம் இறுகிய பிறகு உள்ளே ஒரு கல்லை அணைத்துப் பிடித்து, வெளியே பலகையால் தட்டித் தட்டித்தான் வயிற்றை விரிப்பார். அப்படித் தட்டிய சுவர் மெல்லியதாக வரும், சீக்கிரம் குளிரும். அச்சில் செய்த பானைகள் தடிமனாக இருக்கும்.

எங்கள் பக்கம் மானாமதுரைப் பானைக்குப் பேர் அதிகம். கடம் செய்கிற அதே ஊர்தான். 2023இல் மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே சூளை இருந்தால் அங்கேயே போய் வாங்குங்கள். கண்மாய் மண்ணை எடுத்துப் புளிக்க வைத்து, மிதித்து, நாள்கணக்கில் நிழலில் உலர்த்தி, சூளையில் வைத்த பிறகும் சில பானைகள் வெடித்துப்போகும். அந்த இழப்பையும் சேர்த்துத்தான் விலை சொல்கிறார்கள். போன வருடம் நான் 12 லிட்டர் பானைக்கு 250 ரூபாய் கொடுத்தேன். பேரம் பேசவில்லை, நீங்களும் பேச வேண்டாம் என்றே சொல்வேன்.

4. கறுப்புப் பானைதான் நல்லா குளிரும்கிறாங்களே, சிவப்பு வேண்டாமா?

இரண்டும் ஒரே மண்தான். காற்றோட்டமாக எரித்தால் மண்ணில் உள்ள இரும்புச் சத்து சிவப்பாக மாறும். சூளையைக் கடைசியில் மூடிப் புகையை உள்ளேயே நிறுத்தினால் கரி ஏறிக் கறுப்பாகும். குளிர்வதற்கும் நிறத்துக்கும் சம்பந்தம் இல்லை. சுவர் தடிமனும் துளையும்தான் கணக்கு.

5. குழாய் வெச்ச பானை வசதியா இருக்குமே?

வசதிதான். குழந்தைகளும் வயதானவர்களும் இருக்கிற வீட்டில் அதைத்தான் வாங்கச் சொல்வேன். குனிந்து மொள்ள வேண்டாம், கை உள்ளே போகாது. இரண்டு விஷயம் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். குழாய்க்குக் கீழே இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீர் எப்போதும் தங்கும். அதைக் கவிழ்த்துக் கொட்டாமல் மேலே மேலே ஊற்றினால் அடியில் வழுவழுப்பு பிடித்துவிடும். இன்னொன்று குழாயைச் சுற்றியுள்ள வாஷர். வாங்கும்போதே தண்ணீர் ஊற்றிக் காட்டச் சொல்லுங்கள்.

6. புதுப் பானையை முதல்ல என்ன செய்யணும்? வீடியோவுல கஞ்சி ஊத்திப் பழக்கச் சொல்றாங்க.

கஞ்சி ஊற்றாதீர்கள். அது சமையல் சட்டிக்கு. வடிகஞ்சியில் உள்ள மாவுச்சத்து துளைகளை அடைக்கும். குழம்புச் சட்டி கசியாமல் இருக்க அது தேவை. தண்ணீர்ப் பானைக்கு அந்தத் துளைகள்தான் உயிர் (1ஆம் கேள்வி). எண்ணெய் தடவுவதும் அப்படியே, சட்டிக்குச் சரி, பானைக்கு ஆகாது. இந்த ஒரு குழப்பத்தால் நல்ல பானையைக் கெடுத்துக்கொண்டவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

தண்ணீர்ப் பானைக்குச் செய்ய வேண்டியது எளிது. தேங்காய் நாரால் உள்ளும் புறமும் வெறும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். விளிம்பு வரை நிரப்பி ஒரு நாள் முழுக்க வையுங்கள். அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு மறுபடி நிரப்புங்கள். இப்படி மூன்று நாள். நான்காம் நாள் குடிக்கலாம்.

7. மூணு நாளும் ஊத்திக் கொட்டிட்டேன், இன்னும் மண்வாசம் அடிக்குதே?

அடிக்கட்டும். ஒரு வாரத்தில் தானாகக் குறையும். உண்மையைச் சொன்னால், எனக்கு அந்த முதல் வாரத் தண்ணீர்தான் வருடத்திலேயே ரொம்பப் பிடித்தது. முதல் மழை விழுந்த தரையை அப்படியே குடிக்கிற மாதிரி இருக்கும்.

மண்வாசம் வேறு, பூசண வாசம் வேறு. பழைய துணி மாதிரி நாற்றம் வந்தால் அது கழுவாததால் வருவது. 10ஆம் பதிலைப் பாருங்கள்.

8. அடுக்குமாடி வீடு. முற்றமும் இல்ல, திண்ணையும் இல்ல. எங்க வைக்கிறது?

வெயில் படாத, காற்று வருகிற இடம் எதுவானாலும் சரி. எங்கள் வீட்டில் சமையலறை ஜன்னலுக்குக் கீழே வைத்திருக்கிறோம். அடுப்புக்குப் பக்கத்திலும் ஃப்ரிட்ஜின் பின்பக்கத்திலும் வைக்க வேண்டாம், இரண்டும் சூடு விடும். அலமாரிக்குள் அடைத்தும் வைக்காதீர்கள். ஆவியாகிற ஈரத்தைக் காற்று அள்ளிக்கொண்டு போனால்தான் அடுத்த ஈரம் ஆவியாகும்.

தரையில் வைப்பதைவிட முக்காலியில் வைப்பது மேல், அடிப்பக்கமும் வேர்க்கும். எங்கள் பாட்டி வைக்கோல் பிரிமணை (பானை சாயாமல் தாங்கும் வளையம்) மேல் வைப்பார். இன்னும் சில வீடுகளில் தட்டில் ஆற்று மணலைப் பரப்பி, அதை நனைத்து, மேலே பானையைப் பதிக்கிறார்கள். அதுவும் நன்றாகவே வேலை செய்யும், மணல் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ரொம்ப வெயில் என்றால் ஈரத் துணியை வயிற்றில் சுற்றிவிடுங்கள்.

9. அடியில எல்லாம் ஈரம், தரை நனையுது. ஓட்டைப் பானையைத் தலையில கட்டிட்டாங்களா?

மேலெல்லாம் ஒரே சீராக ஈரம் பூத்திருந்தால் அது வேர்வை. பானை தன் வேலையைச் செய்கிறது. அடியில் ஒரு மண் தட்டு வைத்து, சேர்கிற தண்ணீரைத் துளசிக்கு ஊற்றுங்கள். ஒரே இடத்திலிருந்து கோடு மாதிரி வழிந்தால், அல்லது நிரப்பி வைத்த பானை ஒரே ராத்திரியில் கால்வாசி குறைந்தால், அது கீறல். கடைக்காரர் பெரும்பாலும் மாற்றித் தருவார், அதனால் வாங்கிய அன்றே நிரப்பிப் பாருங்கள்.

10. எத்தனை நாளைக்கு ஒருக்கா கழுவணும்? சோப்பு போடலாமா?

சோப்பு, பாத்திரம் துலக்கும் திரவம் இரண்டும் கூடாது. துளைக்குள் போனது எளிதில் வெளியே வராது, அடுத்த பத்து நாளைக்குத் தண்ணீரில் வாசம் வரும். கல் உப்பும் தேங்காய் நாரும் போதும்.

வெயில் காலத்தில் மூன்று நாளைக்கு ஒரு முறை முழுக்கக் காலி செய்து, உள்சுவரைத் தேய்த்துக் கழுவுகிறோம். வாரத்துக்கு ஒரு தடவை கழுவிக் கவிழ்த்து மொட்டை மாடி வெயிலில் ஒரு பகல் முழுக்கக் காய வைப்போம். இதற்குத்தான் எங்கள் வீட்டில் இரண்டு பானை, ஒன்று காயும்போது இன்னொன்று உள்ளே இருக்கும். முடிந்தால் நீங்களும் இரண்டாக வாங்குங்கள். பானையின் ஆயுளும் கூடும், அவசர அவசரமாகக் கழுவவும் வேண்டாம்.

கழுவப் போகும்போது ஒரு எச்சரிக்கை. கழுத்தைப் பிடித்துத் தூக்காதீர்கள். 2014இல் பாதித் தண்ணீரோடு கழுத்தைப் பிடித்து மாடிப்படி ஏறினேன். வளையம் மட்டும் கையில் நின்றது, மீதி படியெல்லாம் சிதறியது. அடியில் ஒரு கை, வயிற்றில் ஒரு கை, அதுவும் காலி செய்த பிறகு.

11. வெளிப்பக்கம் வெள்ளை வெள்ளையா பூத்திருக்கு. பூசணமா? குடிக்கலாமா?

பூசணம் இல்லை, உப்பு. போர் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பும் சுண்ணாம்பும் ஊறி வெளியே வருகின்றன. தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், அவை சுவரிலேயே நின்றுவிடும். தாராளமாகக் குடிக்கலாம். புளித்தண்ணீரில் நாரை நனைத்து வெளிப்பக்கம் தேய்த்தால் பெரும்பகுதி போகும். கறுப்பாகவோ பச்சையாகவோ, பஞ்சு மாதிரியோ இருந்தால் அது வேறு, கழுவி வெயிலில் போடுங்கள்.

12. போன வருஷம் அருமையா குளிர்ந்துச்சு. அதே பானை, அதே இடம், இந்த வருஷம் குளிரவே இல்ல.

11இல் சொன்ன உப்புதான் காரணம். துளைகள் ஒவ்வொன்றாக அடைபட்டுக்கொண்டே வரும். வெளிப்பக்கம் தொட்டுப் பாருங்கள். நிரப்பிப் பாதி நாள் ஆகியும் சுவர் காய்ந்தே இருந்தால் பானை வேர்ப்பதை நிறுத்திவிட்டது. புளித்தண்ணீர்த் தேய்ப்பும் இரண்டு மூன்று நாள் வெயிலும் ஓரளவு உயிர் கொடுக்கும். உப்பு நிறைய உள்ள ஊரில் ஒரு பானை ஒரு கோடைக்குத்தான். நல்ல தண்ணீர் என்றால் இரண்டு மூன்று வருடம் வரும். ஓய்வு பெற்ற பானையில் பருப்பு, புளி போட்டு வைக்கலாம்.

13. சென்னையில வெச்சேன். சும்மா தண்ணி மாதிரிதான் இருக்கு. நீ அனுப்புன பானை சரியில்ல!

இது என் தங்கை கேட்டது. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே கடையில், ஒரே சூளைப் பானைதான் வாங்கினேன். பானையில் குற்றமில்லை. கடலோரக் காற்று ஏற்கெனவே ஈரத்தைச் சுமந்துகொண்டு வருகிறது, பானையின் ஈரத்தை வாங்கிக்கொள்ள அதில் இடம் குறைவு. 34 டிகிரி வெயிலும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள நாளில் தண்ணீர் ஏறக்குறைய 30 டிகிரிக்குக் கீழே இறங்காது. நான்கு டிகிரி வித்தியாசம் நாக்குக்குப் பெரிதாகத் தெரியாது.

அவளுக்குச் சொன்ன வழி, ஃபேன் காற்று படுகிற இடத்துக்கு மாற்றுவது. 30 என்கிற எல்லையை ஃபேன் மாற்றாது, ஆனால் எல்லையை நெருங்க உதவும். ஈரப்பதம் குறைகிற நாளில் நன்றாகவே தெரியும். ஏசி ஓடும் அறையில் காற்று காய்ந்திருப்பதால் அங்கேயும் பானை நன்றாக வேலை செய்கிறது. இதற்கு நேர் எதிர் எங்கள் தென்மாவட்டங்களின் ஆடிக் காற்று. வெயில் குறைந்திருந்தாலும் காற்று அடிக்கிற அடியில் தண்ணீர் சித்திரையைவிட நன்றாகக் குளிரும். ஐப்பசி, கார்த்திகையில் பானையைக் கழுவிக் காய வைத்துப் பரணில் ஏற்றிவிடுவோம்.

14. வெட்டிவேர் போடலாமா? எவ்வளவு, எத்தனை நாள்?

அவசியம் போடுங்கள். பானைத் தண்ணீரின் சுகத்தில் பாதி அதில்தான் இருக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் கட்டாகக் கிடைக்கும். கடலூர் மாவட்டக் கடலோர மணலில் இதைப் பயிராகவே போடுகிறார்கள், மணலில் வேர் ஆழமாக இறங்கும், பிடுங்குவதும் எளிது. வேரில் மண் ஒட்டியிருக்கும், அதனால் நான்கைந்து தண்ணீரில் அலசி, ஒரு மணி நேரம் ஊறவிட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். 10 லிட்டர் பானைக்கு ஒரு சிறு பிடி போதும். மெல்லிய பருத்தித் துணியில் முடிந்து போட்டால் வேர்த் துணுக்கு தொண்டையில் சிக்காது.

மூன்று நாளைக்கு ஒரு முறை, பானை கழுவும்போதே முடிச்சை எடுத்து அலசி வெயிலில் உலர்த்துங்கள். இப்படி மூன்று நான்கு தடவை பயன்படுத்தலாம். மணம் போன பிறகு தூக்கிப் போடாமல் துணி அலமாரியில் வையுங்கள், இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். நிறையப் போட்டால் கசப்பு தட்டும். மணம் வருகிறதா இல்லையா என்று யோசிக்க வைக்கிற அளவே சரியான அளவு.

பானைக்கு மணமேற்றுவது நம் ஊரில் ரொம்பப் பழைய பழக்கம். பாதிரிப் பூ சேர்ந்த புதுப்பானை தண்ணீருக்கும் அந்த மணத்தைத் தருகிற மாதிரி, கற்றவரோடு சேர்ந்த கல்லாதவருக்கும் அறிவு வரும் என்று நாலடியாரில் ஓர் உவமை வருகிறது. புதுப்பானை மணத்தைப் பிடித்துக்கொள்ளும் என்பதை அன்றைக்கே கவனித்திருக்கிறார்கள். அதே காரணத்தால்தான் சோப்பு கூடாது என்று 10இல் சொன்னேன்.

15. பானையே தண்ணியைச் சுத்தப்படுத்திடும்கிறாங்க. குழாய்த் தண்ணியை அப்படியே ஊத்தலாமா?

ஊற்றாதீர்கள். பானை குளிர்விக்கும், கிருமியைக் கொல்லாது. மொள்ளுகிறபோது நாம் குடிப்பது துளை வழியாக வடிந்த தண்ணீரை அல்ல, உள்ளே ஊற்றியதைத்தான். எந்தத் தண்ணீரை நம்பிக் குடிப்பீர்களோ, அதையே பானையில் ஊற்றுங்கள். நாங்கள் நன்றாகக் கொதிக்க வைத்து, ஆறவிட்டு ஊற்றுகிறோம். கொதி வந்த பிறகு ஒரு நிமிடமாவது கொதிக்க வேண்டும். சூடாக ஊற்றினால் பானை விரிசல் விடும்.

தேற்றான் கொட்டையைப் பற்றியும் கேட்பார்கள். கலங்கிய தண்ணீர்ப் பானையின் உள்சுவரில் இந்தக் கொட்டையைத் தேய்த்தால் கலங்கலை அடியில் படிய வைக்கும். சங்கப் பாட்டிலேயே வருகிற பழக்கம், இன்றைக்கும் நன்றாக வேலை செய்கிறது. ஆனால் தெளிந்த தண்ணீர் வேறு, கிருமி இல்லாத தண்ணீர் வேறு. தெளிய வைத்த பிறகும் கொதிக்க வைக்க வேண்டும்.

16. தண்ணியைத் திறந்து வெச்சா டெங்குக் கொசு வரும்னு மாநகராட்சி ஆளுங்க சொல்றாங்களே?

சரியாகத்தான் சொல்கிறார்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை வேண்டாம், வீட்டுக்குள் இருக்கும் நல்ல தண்ணீர்தான் பிடிக்கும். பாத்திரத்தின் உள்சுவரில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே முட்டை வைக்கும். அந்த முட்டை தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் சாகாமல் இருக்கும். அதனால் காலி செய்தால் மட்டும் போதாது, சுவரைத் தேய்க்க வேண்டும். முட்டை கொசுவாக வெப்பமான நாட்களில் ஒரு வாரம் பத்து நாள் ஆகும், மூன்று நாளைக்கு ஒரு முறை தேய்த்துக் கழுவுகிற பானையில் அதற்கு நேரமே கிடைக்காது. வாயில் வெள்ளைத் துணியைக் கட்டி அதன் மேல் மூடி போடுங்கள். கீழே வைத்த தட்டையும் மறக்காதீர்கள், அதில் தேங்கும் தண்ணீரைத் தினமும் கொட்டுங்கள்.

17. பானைத் தண்ணி குடிச்சா நெஞ்செரிச்சல் போகும், சர்க்கரை குறையும்னு சொல்றாங்க. உண்மையா?

பானைத் தண்ணீரை மருந்தாக நினைக்காதீர்கள். மாத்திரையை நிறுத்திவிட்டுப் பானை வாங்காதீர்கள். குடிக்க இதமாக இருப்பதால் எங்கள் வீட்டில் எல்லோரும் முன்னைவிட அதிகமாகத் தண்ணீர் குடிக்கிறோம், வெயில் காலத்தில் அது நல்ல விஷயம். அதற்கு மேல் எதையும் நான் சொல்ல மாட்டேன். சிறுநீரகக் கோளாறுக்காக மருத்துவர் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால், பானைத் தண்ணீரும் அந்த அளவுக்குள்தான்.

18. காய்கறி வைக்கவும் பானையைப் பயன்படுத்தலாமா?

அதே பானையில் வேண்டாம். இதற்கு அருமையான ஒரு முறை உண்டு. பெரிய பானைக்குள் சின்னப் பானையை இறக்கி, நடுவில் மணலை நிரப்பி, மணலைக் காலையும் மாலையும் நனைக்க வேண்டும். மேலே ஈரத் துணி. நைஜீரியாவைச் சேர்ந்த ஆசிரியர் முகமது பா அப்பா 1990களில் கரண்ட் இல்லாத கிராமங்களில் இதைப் பரப்பினார். எங்கள் வீட்டில் கொத்தமல்லி, புதினா, கீரைக்கு இப்படி ஒன்று வைத்திருக்கிறோம். வெளியே ஒரே நாளில் வாடுகிற கொத்தமல்லி இதில் நான்கு நாள் நிற்கிறது.

19. வீட்டுல ஃப்ரிட்ஜ் இருக்கு. நானும் வேலைக்குப் போறேன். ஒரு சொம்புத் தண்ணிக்கு இவ்வளவு மெனக்கெடணுமாக்கா?

இந்தக் கேள்வியைத்தான் எல்லோரும் கடைசியில் கேட்பார்கள். முதலில் நேரக் கணக்கு. தினமும் நிரப்ப மூன்று நிமிடம். மூன்று நாளைக்கு ஒரு முறை கழுவப் பத்து நிமிடம். அவ்வளவுதான். எங்கள் வீட்டிலும் ஃப்ரிட்ஜ் இருக்கிறது, அதில் மாவும் பாலும் இருக்கின்றன.

ராத்திரி பாத்திரமெல்லாம் துலக்கி, மேடையைத் துடைத்த பிறகு என் கடைசி வேலை பானையை நிரப்புவது. காலியாக இருக்கும்போது அடித்தொண்டையில் முழங்குகிற மாதிரி ஒரு சத்தம், நிரம்ப நிரம்பக் குரல் மெலிந்து மேலே ஏறும். விளக்கை அணைத்துவிட்டே நிரப்ப முடியும், காதே அளவைச் சொல்லிவிடும். அன்றைக்கு அலுவலகத்தில் என்ன நடந்திருந்தாலும் அந்தச் சத்தத்தைக் கேட்கும்போது மனசு இறங்கிவிடுகிறது. காலையில் துணியை அவிழ்த்ததும் வெட்டிவேரும் மண்ணுமாகக் கலந்து ஒரு மணம் முகத்தில் வந்து படும்.

சாயங்காலம் பஸ் இறங்கி, இரண்டு மாடி ஏறி வந்ததும் உடனே மொள்ள மாட்டேன். பானைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, உள்ளங்கையை அதன் வயிற்றில் ஒரு நிமிடம் வைப்பேன். வெளிச்சுவர் தண்ணீரைவிடக் குளிர்ச்சியாக இருக்கும். என் மகன் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் இரண்டு கன்னத்தையும் மாறி மாறிப் பானையில் ஒட்டிக்கொள்வான், யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து பாட்டிலை எடுப்பதில் இது எனக்குக் கிடைக்காது. உங்களுக்கு ஒரு கோடை வைத்துப் பார்த்தும் இதெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை என்றால் விட்டுவிடுங்கள். முதல் இரண்டு வாரத்திலேயே விட்டுவிட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

20. வாசல்ல ஒரு பானை வெச்சா போற வர்றவங்க குடிப்பாங்கல்ல?

குடிப்பார்கள். கொரியர் கொண்டு வரும் தம்பிகளும் காய்கறி வண்டி அண்ணன்களும் எங்கள் தெருவில் அதை நம்பியே வருகிறார்கள். அப்பர் என்கிற திருநாவுக்கரசரை நேரில் பார்ப்பதற்கு முன்பே, திங்களூரில் அவர் பேரிலேயே தண்ணீர்ப் பந்தல் வைத்தவர் அப்பூதி அடிகள். அந்தப் பழக்கம் நம் ஊரில் இன்னும் விட்டுப்போகவில்லை, சித்திரைத் திருவிழாவுக்கு மதுரை வந்தால் தெருவுக்குத் தெரு பார்க்கலாம்.

வைப்பதாக இருந்தால் குழாய் வைத்த பானையாக வையுங்கள், பல கைகள் உள்ளே போகக் கூடாது. டம்ளரைச் சங்கிலியில் கட்டாதீர்கள், அண்ணாந்து குடிக்கத் தோதாக இரண்டு டம்ளர் போதும். வீட்டுப் பானைக்குச் செய்கிற அதே கழுவல், அதே கொதிக்க வைத்த தண்ணீர். ஒரு வாரம் வைத்துவிட்டு மறந்துபோகிற பானையைவிட வைக்காமல் இருப்பது நல்லது, 16இல் சொன்ன கொசு அங்கேதான் குடியேறும்.

21. உடைஞ்ச பானையை என்ன செய்றது? தூக்கிப் போட மனசு வரல.

அடிப்பாகம் முழுசாக இருந்தால் மொட்டை மாடிச் சுவரில் வைத்து இரண்டு விரல் ஆழத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். காக்கா, மைனா, அணில் எல்லாம் வரும். தினமும் தண்ணீரை மாற்றுங்கள். கழுத்து வளையம் அடுத்த பானைக்குப் பிரிமணையாகும், 2014இல் என் கையில் நின்ற வளையத்தில்தான் இப்போதைய பானை உட்கார்ந்திருக்கிறது. ஓட்டுச் சில்லுகளைப் பூந்தொட்டியின் ஓட்டை மேல் கவிழ்த்துப் போட்டு மண் நிரப்பினால், தண்ணீர் வடியும், மண் ஓடாது. மிச்சத் துண்டுகளை எங்கள் தெருப் பிள்ளைகள் பாண்டி விளையாட வந்து கேட்பார்கள், தட்டையான சில்லாக ஒன்றிரண்டு எடுத்து வையுங்கள்.